பட்டியலில் பாதி, வாக்கியத்தில் மீதி

ஆங்கிலத்தின் கடினமான சொற்களைக் கற்க விரும்புகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது ஒரு பட்டியலைத்தான். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், நாளுக்கு இத்தனை என்று மனப்பாடம். இந்த வழக்கத்துக்கு 400 வயதுக்கு மேல் ஆகிறது. ஆங்கிலம் அயல்மொழியாக இருந்த நாடுகளில் அது பிறக்கவில்லை, இங்கிலாந்திலேயே பிறந்தது. தாய்மொழியில் அச்சான புத்தகத்தைக் கையில் எடுத்த ஆங்கிலேயர்களுக்கே அதில் இருந்த சொற்கள் விளங்காமல் போனதுதான் காரணம். அந்தப் பட்டியல் பலருக்கு உண்மையாகவே உதவியது என்பதையும், அது தந்தது பாதிக் கல்வி மட்டுமே என்பதையும் இந்த நானூறு ஆண்டு வரலாறு சேர்த்தே சொல்கிறது. மீதிப் பாதி வாக்கியத்தில் இருந்தது. அகராதி செய்தவர்கள் இதைப் படிப்படியாக உணர்ந்தார்கள். தேர்வு நடத்தியவர்கள் மிகத் தாமதமாக உணர்ந்தார்கள். மாணவர்களிடம் இந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் இந்தப் பழைய கதையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியபோது இங்கிலாந்தில் கல்வியின் மொழி இலத்தீன். சமயமும் மருத்துவமும் தத்துவமும் அதில்தான் நடந்தன. அடுத்த நூறாண்டுகளில் கிரேக்க, இலத்தீன் நூல்கள் ஆங்கிலத்துக்கு வரத் தொடங்கின. மூலத்தில் இருந்த கருத்துகளுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காத இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் மூலச் சொல்லையே ஆங்கில விகுதி சேர்த்து எழுதிவிட்டார்கள். இப்படி ஆயிரக்கணக்கான சொற்கள் மொழிக்குள் நுழைந்தன. இலக்கணப் பள்ளிக்குப் போய் இலத்தீன் படித்த பையனுக்கு இவற்றின் வேர் தெரியும். பார்த்தவுடன் பொருள் ஊகித்துவிடுவான். அந்தப் பள்ளிகளின் கதவு பெண்களுக்கு மூடியிருந்தது. கைத்தொழிலாளர், சிறு வணிகர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே நெடுங்காலம் படிக்க முடியவில்லை. அவர்களிடமும் எழுத்தறிவு பரவிக்கொண்டிருந்தது. விவிலியமும் பிரசங்கங்களும் அவர்கள் வீட்டுக்கு வந்தன. எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிந்தது, சொல் மட்டும் புரியவில்லை. ஒரே மொழிக்குள் இரண்டு வகுப்பு வாசகர்கள் உருவானார்கள்.

இதைக் குறித்து அன்றே கடும் விவாதம் நடந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக் இரவல் சொற்களே கூடாது என்றார். விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது இலத்தீன் வழிச் சொற்களைத் தவிர்த்துப் பழைய ஆங்கில வேர்களிலிருந்து புதிய சொற்களைக் கட்டினார். தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொல்லாட்சிக் கலை நூலில், இலத்தீன் சொற்களை அள்ளித் தெளித்து எழுதுகிறவர்களைக் கண்டித்தார். மைக்கூட்டுச் சொற்கள் என்று அப்போது அவற்றுக்குப் பெயர். மறுபக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் தாமஸ் எலியட். 1531இல் வெளிவந்த அவருடைய ஆட்சியாளர் கல்வி பற்றிய நூல், ஆங்கிலத்தை வளப்படுத்தவே புதிய சொற்களைக் கொண்டுவருவதாக வெளிப்படையாகச் சொன்னது. அதைவிட முக்கியம் அவர் கையாண்ட முறை. புதிய சொல்லை எழுதும்போது பல இடங்களில் பழகிய சொல் ஒன்றை அதனோடு இணைத்தோ, அந்த இடத்திலேயே விளக்கியோ எழுதினார். படிக்கிறவர் வேறு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. சொல்லும் பொருளும் அது புழங்கும் சூழலும் ஒரே வாக்கியத்தில் கிடைத்தன. கடினச் சொல்லைக் கற்பிக்கும் கலை ஆங்கிலத்தில் பட்டியலுக்கு முன்பே வாக்கியத்தில் தொடங்கியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் எல்லா எழுத்தாளரும் எலியட் அல்லர். விளக்கம் இல்லாமல் வந்து குவிந்த சொற்களுக்கு யாராவது பொருள் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பள்ளி ஆசிரியர்கள் செய்தார்கள். எட்மண்ட் கூட் 1596இல் வெளியிட்ட பள்ளிப் பாடநூலின் இறுதியில் கடினச் சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டு, 1604இல் ராபர்ட் காட்ரி தனிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ரட்லண்ட் பகுதியில் ஆசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்தவர் அவர். சமயத் தூய்மைவாதக் கொள்கைக்காகத் திருச்சபைப் பதவியை இழந்தவர். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று மதிக்கப்படும் இந்த நூலில் ஏறக்குறைய 2,500 சொற்கள் இருந்தன. யாருக்காக எழுதப்பட்டது என்பதை முகப்புப் பக்கமே சொல்லிவிட்டது: சீமாட்டிகள், நற்குடிப் பெண்கள், கல்விப் பயிற்சி இல்லாத மற்றவர்கள். அகர வரிசையில் சொல்லை எப்படித் தேடுவது என்பதைக்கூட முன்னுரையில் அவர் விளக்க வேண்டியிருந்தது. முதல் பதிப்பின் ஒரே ஒரு பிரதி மட்டும் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் எஞ்சியிருக்கிறது. கல்விக்கூடம் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்காக ஓர் ஆசிரியர் செய்த இந்த நூலை மதிப்போடு பார்க்க வேண்டும். பட்டியல் என்ற வடிவம் நியாயமான ஒரு தேவைக்குப் பிறந்தது.

காட்ரியின் நூல் படிக்கிறவருக்கானது. பிரசங்கத்திலோ புத்தகத்திலோ எதிர்ப்பட்ட சொல்லைப் புரிந்துகொண்டால் போதும்; அதற்கு ஒற்றைச் சொல்லில் பொருள் தருவது ஓரளவு உதவும். ஆனால் 1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதி அடுத்த படிக்குத் தாவியது. அதன் ஒரு பகுதி எளிய சொல்லை முன்னே வைத்து, அதற்கு ஈடான ஆடம்பரச் சொல்லைத் தந்தது. பேச்சிலும் எழுத்திலும் உயர்ந்த நடை வேண்டும் என்று விரும்பிய இளைஞர், எழுத்தர், வணிகர், பிறநாட்டார் எல்லோரையும் அது அழைத்தது. புரிந்துகொள்வதற்கான கருவி இப்போது பயன்படுத்துவதற்கான கருவியாக விற்கப்பட்டது. சிக்கல் இங்கேதான் தொடங்கியது. காக்கரம் கொடுத்த சொற்களில் பல எந்த எழுத்தாளரும் எழுதாதவை. இலத்தீன் அகராதியிலிருந்து ஆங்கில விகுதியோடு பெயர்த்து வைக்கப்பட்டவை. குதிரையேறிப் போய்விடுவதற்கு அவர் தந்த ‘அபெக்விடேட்’ அப்படி ஒன்று. அதைக் கற்றவர் எந்த வாக்கியத்தில் அதைப் பார்த்திருக்க முடியும்? யாரிடம் சொன்னால் புரிந்திருக்கும்? சொல்லுக்குப் பின்னால் வழக்கு இருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி பட்டியலில் இல்லை. செத்த சொல்லும் உயிருள்ள சொல்லும் அங்கே ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் நிற்கும்.

இதன் விளைவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் மேடை பதிவு செய்தது. ரிச்சர்ட் ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகம் 1775இல் லண்டனில் அரங்கேறியது. அதில் வரும் மிஸஸ் மாலப்ராப் பெரிய சொற்களைத் தவறான இடத்தில் பயன்படுத்துவார். அந்த வகைப் பிழைக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பாத்திரத்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நியாயமாகத் தோன்றவில்லை. இலத்தீன் கல்வி மறுக்கப்பட்ட பெண்கள் பெரிய சொற்களைக் காதால் கேட்டும் பட்டியலில் பார்த்தும்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சொற்கள் பழகும் வாக்கியங்கள், அவற்றைச் சுற்றி நடக்கும் வாதங்கள், பிழையைத் திருத்தும் ஆசிரியர் ஆகிய எல்லாம் ஆண்களின் பள்ளிகளுக்குள் இருந்தன. சொல்லை மட்டும் வெளியே கொடுத்து, அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்ட சமூகம், வெளியே நின்றவரின் தடுமாற்றத்தைக் கண்டு சிரித்தது. தவறு பேசியவருடையது என்று சொல்வதைவிட அவருக்குக் கிடைத்த கல்வியின் குறை என்று சொல்வதே சரி.

அகராதிக்காரர்கள் இதற்குள் வேறு திசையில் நகர்ந்திருந்தார்கள். 1702இல் வெளிவந்த ஓர் அகராதி கடினச் சொற்களோடு அன்றாடச் சொற்களுக்கும் இடம் கொடுத்தது. 1721இல் நேதன் பெய்லியின் அகராதி ஏறக்குறைய 40,000 சொற்களைத் தொட்டது. உண்மையான திருப்பம் 1755இல் சாமுவேல் ஜான்சனோடு வந்தது. அவருடைய அகராதியின் சுமார் 42,000 சொற்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் தாங்கி நின்றன. ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், விவிலியம் என்று தேர்ந்த எழுத்திலிருந்து வாக்கியங்களை எடுத்து, சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைக் காட்டினார். ‘டேக்’ என்ற சிறு வினைச்சொல்லுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள் வேறுபாடுகளை அவர் பிரிக்க வேண்டியிருந்தது. கடினச் சொற்களின் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத சொல் அது. ஆனால் அதன் கடினம் வாக்கியங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதே கொள்கையை இறுதிவரை கொண்டுசென்றது. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் எழுந்த திட்டத்தின் முதல் பகுதி 1884இலும் இறுதிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் அலுவலகத்துக்குத் தன்னார்வ வாசகர்கள் துண்டுச் சீட்டுகளில் வாக்கியங்களை எழுதி அனுப்பினார்கள். அச்சேறிய மேற்கோள்கள் மட்டும் 18 லட்சத்துக்கு மேல். வாக்கியச் சான்று முதலில், விளக்கம் அதன் பிறகு என்பது அங்கே வேலைமுறையாகவே ஆனது.

இத்தனைக்குப் பிறகும் பட்டியல் அமெரிக்காவில் புது வேகத்தோடு எழுந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஊழியர் திறன் சோதனையில் ஈடுபட்டிருந்த ஜான்சன் ஓ’கானர், சொல்வளச் சோதனைகளில் உயர் நிர்வாகிகள் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவதைக் கண்டார். சொல்வளத்தையும் வாழ்க்கை வெற்றியையும் இணைத்து 1934இல் அவர் அட்லாண்டிக் மந்த்லி இதழில் எழுதிய கட்டுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. வில்ஃப்ரட் ஃபங்க்கும் நார்மன் லூயிஸும் 1942இல் முப்பது நாளில் சொல்வளம் தருவதாக ஒரு நூல் வெளியிட்டார்கள். ரீடர்ஸ் டைஜஸ்ட் 1945இல் ஃபங்க்கின் சொல்வளப் பகுதியைத் தொடங்கியது. 1949இல் வந்த லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ இன்றும் இந்திய நகரங்களின் நடைபாதைக் கடைகளில் கிடைக்கிறது. லூயிஸ் வெறும் பட்டியல் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேர்ச்சொல்லை விளக்கி, பயிற்சிகளால் திரும்பத் திரும்பப் பழக்கினார். ஆனால் இந்தத் துறை முழுவதையும் தாங்கிய நம்பிக்கையில் ஒரு பிழை இருந்தது. நிர்வாகிகளின் சொல்வளம் அவர்களின் படிப்பாலும் பல்லாண்டு வாசிப்பாலும் அவர்கள் பங்கேற்ற உரையாடல்களாலும் வந்தது. வளர்ந்த மரத்தில் கனி இருப்பதைக் கண்டு, கனியைக் கட்டித் தொங்கவிட்டால் மரம் வளரும் என்று முடிவு செய்ததற்கு ஒப்பானது இது.

தேர்வுகள் அந்தப் பிழைக்கு அதிகாரத்தைக் கொடுத்தன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக 1926இல் முதன்முதலாக நடந்த எஸ்ஏடி தேர்வில் எதிர்ச்சொல்லும், சொல் இணைகளை ஒப்பிடும் சொல்லுறவும் கேட்கப்பட்டன. பின்னாளில் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்ஈ தேர்விலும் அதே வகைக் கேள்விகள் இடம்பெற்றன. எதிர்ச்சொல் கேள்வியில் சொல் தனியாக நிற்கும். சுற்றிலும் வாக்கியம் கிடையாது. அப்படிக் கேட்டால் மாணவர்களும் அப்படியே படிப்பார்கள். மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல விரும்பிய இந்திய மாணவர்கள், அவர்களில் சென்னை, கோவை, திருச்சி மாணவர்களும், பாரன்ஸ் நிறுவனம் வெளியிட்ட 3,500 சொற்களின் பட்டியலை அகர வரிசையில் மனப்பாடம் செய்தார்கள். அவர்களுடைய உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. அந்த உழைப்பைக் கேட்ட தேர்வின் வடிவத்தில்தான் குறை. அதைத் தேர்வு நடத்தியவர்களும் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். எஸ்ஏடி 1994இல் எதிர்ச்சொல் கேள்வியை நீக்கியது, 2005இல் சொல்லுறவுக் கேள்வியை நீக்கியது, 2016இல் சொற்பொருளைப் பத்தியின் சூழலிலிருந்தே கேட்கத் தொடங்கியது. ஜிஆர்ஈ 2011இல் எதிர்ச்சொல்லையும் சொல்லுறவையும் கைவிட்டு, வாக்கியத்தையும் பத்தியையும் நிரப்பும் கேள்விகளை முன்னே கொண்டுவந்தது.

‘சொல்லைப் படி, வாக்கியத்தில் அமைத்துக் காட்டு’ என்பது பள்ளிகளில் பழைய பயிற்சி. வாக்கியம் முன்பே இருந்ததே என்று ஒருவர் கேட்கலாம். இங்கே வரிசைதான் முக்கியம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பாட்ரிசியா கில்டியாவும், குழந்தைகள் சொற்களைக் கற்கும் விதம் பற்றி 1987இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார்கள். அகராதியைப் பார்த்து வாக்கியம் அமைக்கச் சொன்னபோது குழந்தைகள் செய்த பிழைகளை அதில் ஆராய்ந்தார்கள். ‘எரோட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘ஈட் அவுட்’ என்ற விளக்கம் இருந்தது. மண்ணை நீர் அரித்துத் தின்பது என்பது அங்கே பொருள். அதை வெளியே போய்ச் சாப்பிடுவதாகப் புரிந்துகொண்ட குழந்தை, தன் குடும்பம் அடிக்கடி ‘எரோட்’ செய்யும் என்று எழுதியது. குழந்தை சோம்பேறியும் இல்லை, அறிவில் குறைந்ததும் இல்லை. கையில் கொடுத்த விளக்கத்தை வைத்து ஒழுங்காகவே யோசித்திருக்கிறது. தான் பார்த்தே இராத சொல்லுக்கு வாக்கியத்தை உண்டாக்கும்படி அதைக் கேட்டதுதான் பிழை. வாக்கியம் அமைப்பது பல வாக்கியங்களைப் படித்த பிறகு செய்ய வேண்டிய வேலை. முதலில் வைத்தால் அது ஊகமாகிவிடுகிறது.

இந்த உண்மையை மிகத் தெளிவாகப் பிடித்தவர்கள் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தவர்கள். ஹெரால்ட் பாமர் 1922இல் ஜப்பானுக்குச் சென்று அங்கே ஆங்கிலக் கற்பித்தல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் தோழர்களோடு 1942இல் டோக்கியோவில் ஓர் அகராதியை வெளியிட்டார். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாக்கி உலகெங்கும் கொண்டுசென்றது. சொல்லின் பொருளோடு, அந்த வினைச்சொல் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதையும் குறித்துக் காட்டியதே அதன் பெருஞ்சிறப்பு. ‘வான்ட்’ வரும் அமைப்பில் ‘சஜஸ்ட்’ வராது. பொருளை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியில்லை. மழையை ‘ஹெவி’ என்றும் தேநீரை ‘ஸ்ட்ராங்’ என்றும் சொல்வது ஆங்கில வழக்கு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் இலக்கணம் கெடாது, ஆங்கிலமாகவும் இருக்காது. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி போனது. உண்மையான பேச்சையும் எழுத்தையும் கணினியில் தொகுத்து, அதிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தந்தது; சொல்லுக்கு விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. காட்ரியின் ஒற்றைச் சொல் விளக்கத்திலிருந்து ஜான்சனின் மேற்கோள், ஹார்ன்பியின் அமைப்பு, சின்க்ளேரின் முழு வாக்கியம் வரை வந்த பாதை ஒரே திசையில் போகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்று மால்கம் எக்ஸ். 1940களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் சிறையில் இருந்தபோது அவர் ஓர் அகராதியை வரவழைத்து, முதல் பக்கத்திலிருந்து கையால் படியெடுத்தார். எழுதியதை உரக்கப் படித்தார். அமெரிக்காவின் ஆற்றல் மிக்க பேச்சாளர்களில் ஒருவர் இப்படித்தானே உருவானார் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவருடைய தன்வரலாறு மீதியையும் சொல்கிறது: அகராதி கைகொடுத்ததும் சிறை நூலகத்தின் வரலாறு, தத்துவ நூல்களை விளக்கணைத்த பிறகும் நடைவழி வெளிச்சத்தில் படித்தார், சிறை விவாத மேடையில் பேசினார், கடிதங்கள் எழுதினார். நம்மிடமிருந்தும் இதே கேள்வி வரும். திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்துதானே புலவர்கள் உருவானார்கள்? ஆம், அந்த நிகண்டு செய்யுளாக இருந்தது, அதைப் படித்தவர் அந்தாதியும் நைடதமும் கம்பராமாயணமும் ஆசிரியரிடம் பாடம் கேட்டார். சேமித்த சொல் அடுத்தடுத்த பாடலில் எதிர்ப்பட்டுக்கொண்டே இருந்தது. பட்டியல் பயனற்றது என்பது என் வாதமல்ல. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொற்களைப் பார்ப்பது நினைவில் நிறுத்த மிக நல்ல வழி என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அது வாசலைத் திறக்கும். உள்ளே போய்ப் புழங்குவது வேறு வேலை.

இன்னொரு எதிர்ப்பு அடிப்படையையே கேள்வி கேட்கிறது. எளிய ஆங்கிலம் போதாதா, கடினச் சொற்கள் எதற்கு? ஜான் சீக்கின் குரல் இது, இன்றும் மதிக்கத்தக்க குரல். எழுதுகிறவர் எளிமையாக எழுத வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் படிக்கிறவர் எல்லாவற்றையும் படிக்கத் தகுந்தவராக வேண்டும். வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு விதி, நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவ ஆய்வு ஆகியவை நமக்காகக் காத்திருந்து எளிமையாவதில்லை. கடினச் சொல்லை வேண்டாம் என்று ஒதுக்கும் உரிமை, அதை அறிந்தவருக்கே உண்டு. அறியாதவருக்கு அது விலக்கப்பட்ட இடமாகவே இருக்கும். காட்ரி யாருக்காகப் பட்டியல் செய்தாரோ அவர்கள் வேறு பெயரில் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் வரும் மாணவர் அவர்களில் ஒருவர். அவருக்குப் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு, வாக்கியம் தானாக வரும் என்று விட்டுவிடுவது அவருடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

ஆகவே இன்றைய வகுப்பறையும் பயிற்சி நிலையமும் வரிசையை மாற்ற வேண்டும். ஒரு சொல்லைக் கொடுக்கும்போது, அது நல்ல எழுத்தில் வந்த நான்கைந்து வாக்கியங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது, எந்த அமைப்பில் நிற்கிறது, யார் யாரிடம் அதைச் சொல்கிறார் என்பதை மாணவர் கண்டறிய வேண்டும். அதற்குப் பிறகே தன் வாக்கியத்தை எழுத வேண்டும்; எழுதியதை ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். இவ்வளவு செய்தால் நாளுக்கு ஐம்பது சொல் முடியாது, ஐந்துதான் முடியும். அந்த ஐந்தும் மாணவருடையவை ஆகும். ஐம்பதைக் கொடுத்து எதுவும் கையில் நிற்காமல் அனுப்புவதைவிட அது நேர்மையான கல்வி. வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்குச் சொல்லைக் கொண்டுசேர்ப்பதே இந்த மரபின் தொடக்க நோக்கம் என்றால், சொல்லோடு அதன் வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த நோக்கம் நிறைவேறும்.